தராசுக்காரரின் இயல்பு நிலை

இனிமேல் குடிப்பதென்றால் பாதுகாப்பாகத்தான் குடிப்பது என்று தராசுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். குடியை விடுவதாக முடிவெடுத்தார் என்று யாரும் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அந்த முடிவை அவர் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே பத்திரமாகத் திரும்ப வைத்திருக்கிறார். இது வேறு. இது கைப்பேசியில் வந்து இறங்கிய முடிவு. எடுத்தவள் மகள். அவர் பங்குக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

தலையை ஆட்டாமல் இருக்க முடியாத நிலைமை. போன மாதம் ஒரு சாயங்காலம் நடந்ததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததாலேயே அது கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. மகள் வேலைக்குப் போகும்போது பேத்தியை அப்பாவிடம் விட்டுப் போவாள். பேத்திக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அன்றைக்கு மதியம் சும்மா ஒரு வாய் என்று ஆரம்பித்தவர், அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். மகள் வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் புகை. பால் பாத்திரம் கரிக்கட்டை. குழந்தை அழுது அழுது குரலே கம்மிப்போய்க் கிடந்தது.

நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் கத்தவும் இல்லை. அடுப்பை அணைத்தாள், சன்னலைத் திறந்தாள், குழந்தையைத் தூக்கினாள். அப்புறம் குழந்தையின் போர்வையைத் தேடி எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் போர்வையைத்தான் தராசுக்காரரால் மறக்க முடியவில்லை. கோபத்தில் போகிறவள் போர்வையை மறந்துவிட்டுப் போவாள். மறுநாள் வருவாள். இவள் எதையும் மிச்சம் வைக்காமல் போயிருக்கிறாள்.

பேத்தி என்றால் அவருக்கு உயிர். வாரம் தவறாமல் அவளை ஒரு துணி விரித்துத் தராசுத் தட்டில் உட்காரவைத்து எடை பார்ப்பார். அவள் தட்டை இரண்டு கையாலும் அறைந்து சிரிப்பாள். எண்கள் தாறுமாறாக ஓடும். ஊரில் உள்ள கடைத் தராசுகளையெல்லாம் சரிபார்க்கிற மனிதர், இந்த ஒரு எடையை மட்டும் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. அவள் போன பிறகு அந்தத் தட்டைத் துடைக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் மகள் வந்தாள். குழந்தை இல்லாமல் வந்தாள்.

"அப்பா, குடிக்காதீங்க குடிக்காதீங்கன்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இனிமே நான் சொல்லப்போறதில்ல. இது சொல்லும். போனைக் குடுங்க."

"என்னம்மா அது?"

"ஆப். குடிக்கறவங்க பத்திரமா வீடு வந்து சேரணும்னு பண்ணினது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடும். திரையில புள்ளி வரும், வந்த உடனே தொடணும். போனை நெஞ்சுல வச்சுக்கிட்டு ஒத்தைக்கால்ல நிக்கணும். ஒரு வரி குடுக்கும், சத்தமா படிக்கணும். நிதானத்துல இருந்தா பச்சை. இல்லன்னா சிவப்பு. எது வந்தாலும் அம்மா போனுக்கு உடனே தகவல் போயிடும்."

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா மிஷினு? உங்கம்மாவைக் கேட்டா சொல்லப்போறா."

"அம்மாவா? அப்பாவுக்குத் தலைவலி, அப்பாவுக்குத் தலைவலின்னு சொல்லியே என்னை வளர்த்தவ அவ. அவ சாட்சி செல்லாது."

சாட்சி செல்லாதவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெரிய சலவை நிலையம் ஒன்றில் வேலை. வருகிற துணிகளில் கறை பார்த்துப் பிரிக்கிற வேலை. துணியை மூக்கருகே கொண்டுபோனாலே போதும், என்ன கறை, எப்போது பட்டது, போகுமா போகாதா என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் ஒன்றுமே சொல்லவில்லை. தராசுக்காரர் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் மனிதருக்கு இந்த இடத்தில் மட்டும் புத்தி வேலை செய்யாது.

"ஒரு மாசம் பச்சையா வரட்டும்" என்றாள் மகள். "அப்புறம் ஒருநாள் காலையில பாப்பாவோட வரேன். என் கண்ணு முன்னாடி ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க. விட்டுட்டுப் போறேன். சரி, இப்ப முதல் தடவை பண்ணுங்க. குடிக்காம இருக்கறப்பப் பண்ணணும். அதைத்தான் உங்க இயல்பு நிலைன்னு அது வச்சுக்கும். தினமும் அதோடதான் ஒப்பிட்டுப் பாக்கும்."

தராசுக்காரரின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"இப்ப வேண்டாம்மா. மனசு ஒரு நிலையில இல்ல. நாளைக்கு நிதானமா பண்றேன்."

அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். எந்தத் தராசானாலும் முதல் வேலை ஜீரோ வைப்பது. தட்டைக் காலியாக வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கப்புறம் வைப்பதெல்லாம் எடை. சில கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். தட்டில் ஒரு கல்லையோ டப்பாவையோ வைத்துக்கொண்டு ஜீரோ அடிப்பார்கள். கல் இருப்பதே தராசுக்குத் தெரியாது. அது காலித் தட்டு என்றே நம்பும். ஊராரிடம் சரக்கு வாங்கும்போது கல்லை நைசாக எடுத்துவிட்டால் எடை குறைவாகக் காட்டும். இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடித்து, கடைக்காரரை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்து வாங்குவதில் நம் ஆளுக்கு நிகர் கிடையாது. திருடனைப் பிடித்துப் பிடித்துத் திருட்டை மனப்பாடம் செய்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் தட்டில் கல்லை வைத்தார். அதாவது, வழக்கமான பாரில், வழக்கமான மூலையில் உட்கார்ந்து, வழக்கமான இரண்டு கிளாஸை உள்ளே இறக்கினார். எதிரில் பெயின்ட்டர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். நேர்கோடு போடுவதில் மன்னன். ஏழு மணிக்கு மேல் அந்தக் கோட்டில் நடக்கச் சொல்லக் கூடாது.

"ஆப்பா?" என்றார் பெயின்ட்டர், கடைசி எழுத்தைக் கொஞ்சம் அழுத்தி. "உனக்கு வச்சுட்டாங்களா?"

"நான் அதுக்கு வைக்கறேன், பாத்துக்கிட்டே இரு. இப்பப் பண்றதைத்தான் அது இயல்பு நிலைன்னு எடுத்துக்கும். புரியுதா? தினமும் இதே ரெண்டு கிளாஸ். தினமும் பச்சை."

"யோவ், நீ தராசு பாக்கப் போனியா, இல்ல திருட்டைப் படிச்சுட்டு வந்தியா?"

கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் போய் நின்றார். புள்ளிகளைத் தொட்டார். சில புள்ளிகள் அவர் விரலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் மறைந்தன. ஒற்றைக்காலில் நின்றார். பெயின்ட்டர் பக்கத்தில் கையை நீட்டியபடி, விழுந்தால் பிடிக்கத் தயாராக இருந்தார். பிறகு அது கொடுத்த வரியைப் படித்தார்.

"மழைக்கு முன் கிளம்பி, வெயிலுக்கு முன் வீடு வந்து சேர்ந்தேன்" என்று திரையில் இருந்தது. அவர் படித்ததில் மழை கொஞ்சம் நனைந்திருந்தது. வீடு வந்து சேர ரொம்ப நேரம் ஆனது.

"நன்றி" என்றது கைப்பேசி, பெண் குரலில். "இதுவே உங்கள் இயல்பு நிலை."

பெயின்ட்டர் கைகொட்டிச் சிரித்தார். தராசுக்காரரும் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை அவருக்கு என்னவோ செய்தது. வீட்டில் இத்தனை வருஷமாக எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறார். இப்படி மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் பச்சை, பச்சை, ஒரே பச்சை. ஏழு மணிக்குப் பாரின் சுவரோரம் நின்று ஒற்றைக்காலில் தவம் செய்வார். பச்சை வரும். வாயில் புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வீட்டுக்குப் போவார். மனைவி கதவைத் திறப்பாள். ஒரு நொடி நிற்பாள். அந்த மூக்குக்குப் புதினா மிட்டாயெல்லாம் எந்த மூலைக்கு?

"பச்சைன்னு வந்திருக்கு" என்பாள்.

"வராம? நான் என்ன குடிச்சா இருக்கேன்?"

"அதான் பச்சைன்னு வந்திருக்கே" என்பாள். சாப்பாட்டை எடுத்து வைப்பாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று தராசுக்காரர் வியந்துகொண்டே சாப்பிடுவார்.

ஒருநாள் பாரில் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கடையை அடைத்துவிட்டார்கள். வேறு இடம் தேட அலுப்பாக இருந்தது. சரி, ஒருநாள் குடிக்காமல் போனால் குடியா முழுகிப்போகும் என்று நேரே வீட்டுக்கு வந்தார். தனக்குத்தானே பெருமையாகக்கூட இருந்தது. ஏழு மணிக்குக் கைப்பேசி கூப்பிட்டது. மனைவி பார்க்கட்டும் என்றே கூடத்தின் நடுவில் நின்று செய்தார். புள்ளிகளைத் தட்டித் தள்ளினார். ஒற்றைக்காலில் நட்ட கம்பமாக நின்றார். மழை, வெயில், வீடு எல்லாம் ஒரு பிசிறில்லாமல் வந்தன.

சிவப்பு.

"நீங்கள் இயல்பு நிலையில் இல்லை" என்றது பெண் குரல். "வண்டி ஓட்ட வேண்டாம். உங்களுக்கு நெருக்கமானவருக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது."

நெருக்கமானவர் சமையலறையிலிருந்து கைப்பேசியோடு வெளியே வந்தாள்.

"குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல."

"சிவப்பு வந்திருக்கு."

"அது தப்பா காட்டுது."

"இத்தனை நாளா சரியா காட்டுதுன்னீங்க?"

"அது சரியாத்தான் காட்டிச்சு!"

"அப்ப இதுவும் சரிதான்."

"நான் ஊதறேன். நீயே மோந்து பாரு."

கிட்டே வந்தாள். ஊதினார். மோந்து பார்த்தாள். ஒரு துணிக்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. என்னவென்று படிக்க அவருக்குத் தெரியவில்லை.

"இந்த ஒரு தடவை பொண்ணுகிட்ட சொல்லாம விடறேன்" என்றாள். "இனிமேயாவது ஒழுங்கா இருங்க."

தராசுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தட்டில் கல்லை வைத்து ஜீரோ அடித்தவனுக்குக் கல்லை எடுத்தால் என்ன ஆகும்? தராசு மைனஸ் காட்டும். அதை வைத்துத்தானே இவர் கடைக்காரர்களைப் பிடிப்பதே! கடை கடையாகப் போய்க் கண்டுபிடித்த வித்தையில் தானே வந்து மாட்டிக்கொண்டார். குடித்தால் திட்டு வாங்கியதெல்லாம் பழைய கதை. குடிக்காமல் வந்து திட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றால், முதல் தடவை செய்ததை மாற்ற மகள் வைத்த ரகசிய எண் வேண்டும். அதைக் கேட்டால் ஏன் என்று கேட்பாள்.

"அப்ப ஒண்ணும் வழியில்ல" என்றார் பெயின்ட்டர், மறுநாள் பார் திறந்ததும். "நீ ஒழுங்கா இருக்கணும்னா குடிச்சுத்தான் ஆகணும். பேத்தி முகத்தைப் பாக்கறதுக்காகக் குடிக்கற தாத்தா, உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா."

அதற்கப்புறம் அவர் கடமைக்குக் குடித்தார். வயிறு சரியில்லாத நாளில் குடித்தார். ஜுரம் அடித்த நாளில் குடித்தார். இரண்டுக்கு மேல் மூன்றாவது கிளாஸ் என்றால் பச்சை தப்பிவிடும், ஒன்று போதும் என்றாலும் தப்பிவிடும். மருந்து மாதிரி அளந்து குடிக்க வேண்டியிருந்தது. ஆசையாகத் தொட்ட சாமான் கசந்துபோனது. ஒருநாள் இரண்டாவது கிளாஸை எதிரே தள்ளி வைத்தார். "வேண்டாம்னா விட்டுடேன்" என்றார் பெயின்ட்டர். "விட்டா பேத்தி வரமாட்டா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அன்றைக்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மாதம் முடிந்தது. மகள் வருகிற நாள் காலையில் பார் திறந்திருக்காது. அதையும் யோசித்து, ஒரு வாரம் முன்னாலேயே ஒரு பாட்டில் வாங்கி, தராசு பழுது பார்க்கிற அறையில் எடைக்கற்கள் வைக்கிற பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மகள் வந்து கதவைத் தட்டியபோது அந்த அறையில்தான் இருந்தார்.

"அப்பா எங்கம்மா?"

"உள்ள இருக்கார். வருவார்."

பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடியில் விரலை வைத்தார். அப்போது கூடத்திலிருந்து ஒரு சத்தம். தட், தட், தட். பேத்தி எதையோ கண்டு இரண்டு கையாலும் அறைகிறாள். கதவிடுக்கில் பார்த்தார். மேசைமேல் இருந்த தராசுத் தட்டு. மறக்கவில்லை அவள்.

தராசுக்காரர் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். இதைக் குடித்தால் பச்சை வரும். பச்சை வந்தால் குழந்தை மடிக்கு வரும். குழந்தை மடிக்கு வரும்போது அவர் வயிற்றில் இது இருக்கும். அடுப்பில் பால் இருக்கும். புகை நிறைந்த அந்தச் சாயங்காலம் அப்படியே கண்முன் வந்து நின்றது. பேத்தியை ஏமாற்றித் தூக்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. மூடியைத் திருகாமலே பாட்டிலைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளியே வந்தார். சிவப்பு வரட்டும். உண்மையைச் சொல்லிவிடுவோம். அவள் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

"துண்டு எடுத்துட்டு வரேன்" என்று மனைவி அந்த அறைக்குள் போனாள்.

அவர் மகள் முன்னால் நின்றார். புள்ளிகளைத் தொட்டார். ஒற்றைக்காலில் நின்றார். கால் ஆடவில்லை. வரியைப் படித்தார்.

சிவப்பு. "நீங்கள் இயல்பு நிலையில் இல்லை."

"அம்மாடி" என்றார் தராசுக்காரர். "நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மகள் அவரைப் பார்க்கவே இல்லை. அறை வாசலைப் பார்த்தாள். துண்டோடு வெளியே வந்த அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். மகள் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"சிவப்பு வந்திருக்கும்மா" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"சிவப்புதான் வரணும். பச்சை வந்திருந்தா வந்த வழியே கிளம்பியிருப்பேன்" என்றாள் மகள். "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. குடிச்சுட்டு வந்தா பச்சையாம், குடிக்காத அன்னைக்குச் சிவப்பாம். இனிமே தகவல் என் போனுக்கு வரும். தினமும் ஏழு மணிக்குச் சிவப்பு வரணும். ஒருநாள் பச்சை தெரிஞ்சாலும் பாப்பா வரமாட்டா. கூடக் குறையக் குடிச்சுட்டுச் சிவப்பு வாங்கலாம்னு பாத்தா, அம்மா மூக்கு இருக்கு."

"தப்பை அழிச்சுட்டு முதல்ல இருந்து சரியா பண்ணிடலாமே..."

"வேண்டாம்" என்றாள் மனைவி. "இப்படியே நல்லா வேலை செய்யுது. மறுபடியும் உங்களை நம்பி ஜீரோ அடிக்கச் சொல்றதுக்கு எங்களுக்குத் தைரியமில்ல."

மகள் குழந்தையின் போர்வையைப் பையிலிருந்து எடுத்து நாற்காலிமேல் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மனைவியும் செருப்பை மாட்டினாள். தராசுக்காரருக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் மானம் போனது. மிச்சம் இருக்கிற மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தார்.

"நில்லு. உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. உள்ள ஒரு பாட்டில் வச்சிருந்தேன். கையில எடுத்தேன். குடிக்காம வச்சுட்டேன். அதை எந்த ஆப்பும் சொல்லாது."

"தெரியும். பாத்துட்டுத்தான் தலையாட்டினேன்."

"பாத்தியா? எப்படி?"

"வச்ச அளவு அப்படியே இருந்துச்சு. நான் ஊத்தினதாச்சே, எனக்குத் தெரியாதா? நாலு நாளா அதுல இருக்கறது வெறும் டீ. நிறம் சரியா வர்றதுக்கு மூணு தடவை போட்டுப் பாத்தேன்."

தராசுக்காரர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தன் வாழ்நாளின் ஒரே தியாகத்தை அவர் ஒரு பாட்டில் டீக்கு முன்னால் செய்திருக்கிறார்.

"அப்ப நான் அதைக் குடிச்சிருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும்!"

"வந்திருக்கும். நான் தலையாட்டியிருக்க மாட்டேன்." அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். "ஆப்பு உங்க பொண்ணுக்குங்க. எனக்கு அந்த பாட்டில்தான் சாட்சி."

பேத்தி அவர் காதைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து கொடுத்தார். மனைவி படியிறங்கப் போனாள்.

"இந்தா, இதையாவது சொல்லிட்டுப் போ. இனிமே இந்த வீட்டுல எந்த பாட்டில்ல எது இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.